இரவுப் பராமரிப்பு

கடைசி ரயில் பீஷானுக்குள் ஒதுங்கியதும்
வானொலியை எடுத்துச் சொல்வேன்:
"மின்சாரம் எடுத்தாச்சு. இறங்கலாம்."
போன வருடம்வரை
அதைக் கேட்டு இறங்கியவன் நான்.
இப்போது மேசை, நாற்காலி, குளிரூட்டி.
இழுப்பறையில் ஒரு வெள்ளை மாத்திரை.
அதற்கும் இதுதான் வேலை நேரம்.

இருபத்தாறு வருடம்
இந்த ஊர் தூங்கும் மூன்று மணி நேரத்தில்
பிழைத்தவன்.
தண்டவாளத்தில் மயிரிழை விரிசலையும்
சுத்தியல் தட்டும் ஓசையில் பிடித்துவிடுவேன்.
நெஞ்சுக்குள் மூன்று இடத்தில் அடைத்தது
எனக்குக் கேட்கவில்லை.
பிரேடலுக்கு முன்னால், சுரங்கத்தில்,
இடது தாடை வலித்தது.
பல் என்று நினைத்தேன்.

ஹோக் செங் என்னைச் சுமந்தது நானூறு மீட்டர்.
அந்த முதுகுவலியைச் சொல்லியே
இன்னும் என் காசில் கோப்பி குடிக்கிறான்.

டாக்டர் குவெக் திரையில் காட்டினார்:
சாம்பல் வளையம்,
அதன் உள்விளிம்பில் மெழுகு வழிந்து உறைந்தது போல் ஒரு தடிப்பு.
"ஸ்டென்ட் வைத்தது ஓர் இடத்தில்தான்.
மற்றதை மாத்திரை பார்த்துக்கொள்ளும்."
எத்தனை நாளைக்கு, என்றேன்.
"உங்கள் ரயில் எத்தனை நாளைக்கு ஓடும்?"

பாலிகிளினிக்கில் நூரைனி
ஐந்து அட்டைகளை விசிறிபோல் விரித்தாள்.
இது ரத்தம் உறையாமல் இருக்க,
இது அழுத்தத்துக்கு, இது வயிற்றுக்கு...
கடைசி அட்டையில் ஒன்றும் சொல்லாமல்
பேனாவால் ஒரு பிறை வரைந்து தந்தாள்.

மார்ச் மாதம் தொடை வலித்தது.
மேம்பாலப் படியில் பாதியில் நின்றேன்.
பூண்டே போதும் என்றான் ஒருத்தன்.
பதினோரு இரவு பிறையைத் தொடவில்லை.
அரசி கேட்கவில்லை.
துணிக்கிளிப்புகளைக்கூட எண்ணி வைப்பவள்
மாத்திரையை எண்ணாமலா இருப்பாள்?
பன்னிரண்டாம் இரவு
சோற்றுப் பெட்டியைத் திறந்தால்
ஊறுகாய் இருக்கவேண்டிய குழியில்
மறுநாள் காலை எட்டரைக்கு டாக்டரைப் பார்க்கும் சீட்டு,
நாலாக மடித்து.

டாக்டர் மருந்தை மாற்றினார். அளவைக் குறைத்தார்.
வலி போனது. பிறை மட்டும் அப்படியே.

நாங்கள் ரயிலை நிறுத்திவிட்டுத்தான் பழுதுபார்ப்போம்.
மின்சாரம் இருக்கும்போது
ஒரு திருகைத் தொட்டாலும் வேலை போய்விடும்.
இதற்கு அந்தச் சலுகை இல்லை.
எழுபது எழுபத்தைந்து தடவை
நிமிடத்துக்கு நிமிடம் ரயில் ஓடும் பாதையில்
குனிந்து தேய்க்கிறது
இந்தச் சின்ன வெள்ளை.
காக்கி இல்லை, தலைக்கவசம் இல்லை,
ஓவர்டைமும் இல்லை.

போன வாரம் மறுபடி அந்தத் திரை.
தடிப்பு கரைந்து போய்விடவில்லை.
"மேல்மூடி கெட்டியாகியிருக்கிறது,
சுலபத்தில் உடையாது," என்றார் டாக்டர்.
"அரை மில்லிமீட்டர் வழியும் விட்டிருக்கிறது."

அரைதானா?
அரசியின் முகம் வாடியது.
எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
அரை மில்லிமீட்டருக்காக
ஒரு வளைவில் ஒன்பது இரவு
முட்டிபோட்டுக் கிடந்திருக்கிறோம் நாங்கள்.
அது எவ்வளவு பெரியது என்று
அவளுக்கு எப்படித் தெரியும்?

பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.
"மின்சாரம் எடுத்தாச்சு."
மறுமுனையில் இரைச்சல்.
இறங்காமல் நிற்கிறான் ஹோக் செங்.
"உன்னுடையது?"
இழுப்பறை. தண்ணீர். ஒரு மிடறு.
"போட்டாச்சு."
அதன் பிறகுதான்
கைவிளக்குகள் ஒவ்வொன்றாய்
சுரங்கத்துக்குள் போகின்றன.