ஏழாம் வினா

நூற்றுப் பன்னிரண்டு விடைத்தாள்.
ஒன்றுக்கு அறுபது ரூபாய்.
ஹம்டன் லேன் டியூட்டரியில் இருந்து
அரிசிப் பையில் கட்டிக்கொண்டு வந்தேன்.
ஏழாம் வினாவில் எல்லாரும்
ஒரே குழியில் விழுந்திருக்கிறார்கள்:
‘பிணைப்பு உடையும்போது சக்தி வெளிவிடப்படும்.’

பிழை.
சிவப்புப் பேனா. மறுபடி பிழை.
உடைவதென்றால் வெடிப்பது என்று
யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

கீழே லொறியின் ஹோர்ன்.
அனிஸ்டா இன்று போகிறாள்.

நாலு வருடம் இந்த அனெக்ஸின் வாடகையை,
கரண்ட் பில்லை, கேஸை இரண்டாய்க் கிழித்தோம்.
பிரிட்ஜை மட்டும் கிழிக்க முடியவில்லை.
அவள் மன்னாருக்கு எடுத்து
‘என்னட்ட பிரிட்ஜ் இருக்கம்மா’ என்பாள்.
நான் பதுளைக்கு எடுத்து அதையே சொல்வேன்.
இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

குளோரீன் செய்வதும் இதைத்தான்.
வெளி ஓட்டில் ஆளுக்கு ஏழு இலத்திரன்,
ஆளுக்கு ஒன்று குறைவு.
கொடுப்பாரில்லை, பறிப்பாருமில்லை.
ஒவ்வொன்றை நடுவில் வைத்துவிட்டு
அந்தச் சோடியை
இரண்டு வீட்டுக் கணக்கிலும் எழுதிக்கொள்கின்றன.
இங்கே எட்டு. அங்கேயும் எட்டு.
கூட்டினால் பதினாறு வராது,
பதினாலுதான்.
ஆனாலும் கடன்காரர் யாரும் இல்லை.

நடு என்றால் நடுவுமில்லை.
ஐஸ் பெட்டி முழுக்க அவளுடைய பாரை மீன்.
என் பால் பக்கெட் கதவோரம் ஒதுங்கி நிற்கும்,
ஒட்சிசனிடம் அகப்பட்ட ஐதரசன்.
அவள் பக்கம் கொஞ்சம் மறை, என் பக்கம் கொஞ்சம் நேர்.
சண்டை என்று சொல்லுமளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை.
இந்தச் சரிவு இல்லாவிட்டால்
தண்ணீர் துளியாய்த் திரண்டிருக்காது என்பதும் உண்மை.

யன்னல் கம்பியில் கடல் விட்டுப்போன உப்பு.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்புக்கு மூலக்கூறே கிடையாது.
சோடியம் கொடுத்துவிட்டது, குளோரீன் வாங்கிவிட்டது,
அதற்குப் பிறகு யாருக்கு யார் என்ற கேள்வியே இல்லை.
காலையில் காலி வீதியில் வரும் நூறாம் நம்பர் பஸ் மாதிரி.
ஒவ்வொருவரையும் ஆறு பேர் நெருக்குகிறார்கள்,
ஒருவரும் சோடி இல்லை.

தன் பங்குக்கு மேலாக
இருபத்திரண்டாயிரத்தை எண்ணி மேசையில் வைத்தாள்.
நான் எண்ணவில்லை.

மூன்று மாடி.
லொறிப் பையன் அடியில், நாங்கள் இருவரும் மேலே.
இரண்டாம் மாடி வளைவில் பிரிட்ஜ் இறுகிவிட்டது.
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.
‘டிகக் உஸ்ஸண்ட’ என்று கத்துகிறான் பையன்.
அனிஸ்டாவின் முழங்கையில் சுவர்ச் சுண்ணாம்பு,
என் உள்ளங்கையில் தகரம் கீறிய கோடு.
கண்ணுக்குள் வியர்வை.
மரைன் டிரைவ் பக்கமாக ரயில் ஒன்று போய்
மற்றொன்றும் போயிற்று.

இது வந்த நாளில் இப்படி இல்லை.
தானாகவே ஏறி வந்த மாதிரி இருந்தது.
பிளக்கைக் குத்திவிட்டு
வெறும் ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டு சிரித்தோம்.
பின்பக்கக் கம்பி சுட்டது, அறையே வெக்கை.
சேரும்போது விட்ட சூடு அது.
இப்போது அதே அளவைத்
திருப்பிக் கட்டுகிறோம், படி படியாக.

லொறி இராமகிருஷ்ண வீதியால் திரும்பிப் போனது.
தரையில் ஒரு வெள்ளைச் சதுரம்,
அதன் நடுவில் காய்ந்த தேசிக்காய்.

எண்பத்தாறாம் சுட்டெண் மட்டும்
சரியாய் எழுதியிருக்கிறது:
‘உடைக்கச் சக்தி வழங்க வேண்டும்.
ஏனெனில் அவை சேர்ந்திருக்கவே விரும்பும்.’

அணுக்களுக்கு விருப்பம் கிடையாது,
புள்ளித் திட்டத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லை.
‘விரும்பும்’ என்பதை வெட்டினேன்.
புள்ளியைக் குறைக்கவில்லை.

பால் பக்கெட்டை
இரவுக்குள் குடித்து முடிக்க வேண்டும்.