ஏழு நொடி

கூண்டு என்று சொல்லாதீர்கள் என்றாள் காப்பகத்துக்காரி.
நாலு பக்கமும் கம்பி, அடியில் தகரத் தட்டு,
கொக்கி போட்ட கதவு.
வேறென்ன சொல்ல?
பெட்டி என்றேன்.
மக்கிள் ஒன்றும் சொல்லாமல்
சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்தது.

மக்கிள் என்றால் டண்டீ பேச்சில் பெரியது.
என் முழங்கால்வரைகூட வராது.
ருமேனியாவின் ஏதோ ஒரு சாலையோரத்திலிருந்து
லாரியில் மூன்று நாள் வந்தது.
அந்த மூன்று நாளை என்னிடம் அது சொன்னதில்லை,
கம்பியைக் கண்டால் காது மட்டும் பின்னே போகும்.

முதல் வாரம் கதவையே கழற்றிக் கட்டிலடியில் வைத்தேன்.
உள்ளே என் பழைய சீருடை ஸ்வெட்டர்,
துவைக்காதது, டீசலும் வியர்வையுமாக.
சோற்றுக் கிண்ணத்தை
நாளுக்கு ஒரு சாண் உள்ளே தள்ளினேன்.
ஆறாம் நாள்
பின்னங்கால் இரண்டும் வெளியே,
மற்றதெல்லாம் உள்ளே,
அப்படியே நின்று தின்றது,
ஓடத் தோதாக.

சாவிச் சத்தம்தான் அதற்கு எமன்.
ஒரு சனிக்கிழமை முழுக்க
எங்கும் போகாமல் ஷூ மாட்டித் திரிந்தேன்.
சாவியைக் குலுக்கிவிட்டு வெங்காயம் நறுக்கினேன்.
கோட்டுப் போட்டுக்கொண்டு டிவி பார்த்தேன்.
மாலைக்குள் அதற்குச் சலித்துவிட்டது,
எனக்கும்.

பிறகு படிக்கட்டு.
மூன்றாம் மாடி, குளிர்ந்த கல், யாரோ வறுத்த பன்றிக்கொழுப்பின் வாடை.
கதவைச் சாத்திவிட்டு எண்ணுவேன்.
ஒன்று, இரண்டு.
ஏழில் ஆரம்பித்தது, நூல் இழுப்பதுபோல ஒரு முனகல்.
அழும்போது உள்ளே போகக் கூடாதாம்,
மூச்சு வாங்கும் இடைவெளியில் போக வேண்டுமாம்.
அந்த இடைவெளிக்காக
கைப்பிடியில் கைவைத்து நின்றிருக்கிறேன்,
கால் மரத்துப்போகும்வரை.

நாலாம் மாடி இன்னிஸ்
சைக்கிளைத் தோளில் தூக்கி வந்தான்.
சாவியைத் தொலைத்துவிட்டாயா ஜீன்?
இல்லை, வெளியே போயிருக்கிறேன்.
எவ்வளவு நேரம்?
நாற்பது நொடி.
சைக்கிளைச் சுவரில் சாய்த்து
ஒரு படி கீழே உட்கார்ந்தான்.
இருவரும் எண்ணினோம்.
முப்பதைத் தாண்டியபோது சொன்னான்,
ஃபியோனா போகும்போது
இப்படி ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை.
நாற்பது என்றேன்.
வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று
இன்றும் தெரியவில்லை.

நாலு நிமிடம். ஒன்பது. பத்தொன்பது.
பத்தொன்பதாம் நிமிடத்தில்
கீழே குப்பை லாரி புட்டிகளைக் கொட்டியது.
நான் போய்ச் சேரும்போது
கம்பியில் ரத்தம், மூக்கில் ரத்தம்,
ஸ்வெட்டரின் ஒரு கை நார் நாராக.
அன்று இரவு தரையில்
பெட்டிக்குள் தலையை விட்டுப் படுத்தேன்,
மற்றதெல்லாம் வெளியே.
காலையில் கதவை மறுபடி கழற்றினேன்.
மறுபடி ஒரு சாண்.
மறுபடி ஏழு நொடி.

விடுப்பு நீட்டித்துக் கேட்டேன்.
நாய்க்கா? என்றார் டிப்போ மேலாளர்.
எனக்கு என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இன்று முதல் ஷிப்ட்.
ப்ராட்டி ஃபெர்ரியில் வண்டி திரும்பும் இடம்,
ஆறு நிமிட ஓய்வு, டே நதிமேல் சாய்வாக மழை.
கைப்பேசியில் பார்க்கிறேன்.
திறந்த கதவுப் பக்கம் முதுகைக் காட்டிப்
படுத்திருக்கிறது.
தூக்கத்தில் கால் வெட்டி வெட்டி
எதையோ துரத்துகிறது.
நல்லது என்றேன் வாய்விட்டு.
உள்ளே எங்கோ சுருக்கென்றது.
கண்ணாடியை ஒரு கிழவர் குடையால் தட்டினார்,
ஏறலாமா அம்மா, நனைகிறோம்.

வீட்டுக்கு வந்தால் ஆரவாரம் கூடாது.
கோட்டை மாட்டு. கெட்டிலைப் போடு.
அதன் பக்கம் திரும்பாதே.
பின்னால் தகரத் தட்டு நகர்கிறது,
ஒரு நீளமான கொட்டாவி,
நகங்கள் தரையில் நெருங்கி வருகின்றன.
நான் தண்ணீர் கொதிப்பதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.
இதற்கு எனக்கு
இன்னும் ஒத்திகை போதவில்லை.