சுட்டுவிரல்

நகராட்சி எனக்குச் சம்பளம் தருவது
விரல்களுக்காக.
மேயர் பேசப் பேச அவருக்கு இடப்பக்கம் நின்று
காது கேளாத நாற்பத்தொரு பேருக்கு
அதைக் கையால் சொல்கிறேன்.
கறுப்புச் சட்டை. மோதிரம் கூடாது.
முகத்தில் என் கருத்து கூடாது.

பதினாறு வருடம், மூன்று மேயர்கள்.
எங்கள் சைகையில் 'அவர்கள்' என்றால்
விரலை நீட்டி ஓர் அரைவட்டம்.
'நான்' என்றால் அதே விரல் திரும்பி வந்து
நெஞ்சைத் தொட வேண்டும்.
முதலாவதில்தான் எனக்குப் பழக்கம் அதிகம்.
மணிக்கட்டில் களிம்பு தடவியபடி
மருத்துவர் கேட்டார்,
தையல் வேலையா என்று.

போன மார்ச்சில் தௌகாவா ஆற்றில்
பனிப்பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி
கரையை உடைத்தன.
கீழ்த்தெருவின் நிலவறைகளில்
உருளைக்கிழங்குகள் மிதந்தன.
மேயர் எவால்ட்ஸ் க்ரூஸே
புத்தம் புது ரப்பர் பூட்ஸில் வந்தார்.

முந்தைய மேயர், என்றார். நீட்டினேன்.
ரீகாவில் அமைச்சகம். நீட்டினேன்.
வானிலைக்காரர்கள். நீட்டினேன்.
பிறகு, கரையைக் குடைந்த பீவர்கள்.

பீவருக்கு முன்பற்களைக் காட்டி
உள்ளங்கையை வாலாக்கித் தட்ட வேண்டும்.
தட்டினேன்.
முன்வரிசையில் மீன்கடை ஸ்கைத்ரீதே
சத்தமில்லாமல் குலுங்கினாள்,
அவளோடு அந்த வரிசை முழுவதும்.
காது கேட்கிறவர்கள் மட்டும்
தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்:
முந்தையவரைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை.
கரைக்கென்று வாங்கிய சரளைக்கல்
அவருடைய மச்சினனின் கோடைவீட்டுப் பாதையில் கிடக்கிறது.
நானே மிதித்திருக்கிறேன்.
ஏப்ரலில் இவர் ரசீதுகளைத் தூக்கிக் காட்டியபோது
ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
பீவரைக் காட்டிய விரல்தானே.

அதே கூட்டத்தின் கடைசியில்,
நாற்காலிகளை மடக்கத் தொடங்கிய நேரம்,
நீரேற்று நிலையத்து இரவுக் காவல் யாசெப்ஸ் எழுந்தார்.
அவரை யாரும் கேட்கவில்லை.
'இரண்டு மணிக்கு மதகைத் திறந்திருக்க வேண்டும்.
நான் தூங்கிவிட்டேன்.'

நெஞ்சைத் தொட்டேன்.
கன்னத்தை உள்ளங்கையில் சாய்த்தேன்.
குற்றம் என்னுடையது போல
காது சுட்டது.

யாரும் அவரைத் தட்டிக்கொடுக்கவில்லை.
ஒரு கையுறை பறந்து வந்து தோளில் விழுந்தது.
மே மாதம் வேலை போனது.
பழி எங்கெங்கோ சுற்றி
கடைசியில் காலியான நாற்காலியில் உட்கார்ந்தது.
கோடை முழுவதும் பேருந்து நிலையத்தில்
காளான் விற்றார். நான் வாங்கவில்லை.
எங்கள் நிலவறையும் நனைந்திருந்தது.

இந்த மார்ச்.
நகராட்சி அறிவித்தது: அபாயம் ஏதுமில்லை.
அதையும் நான்தான் கையால் சொன்னேன்.
சாயங்காலம் யாசெப்ஸ்
சைக்கிளை உருட்டிக்கொண்டு கீழ்த்தெருவில் இறங்கி
கதவு கதவாகத் தட்டினார்.
ஸ்கைத்ரீதேயின் ஜன்னலில் டார்ச்சை ஆட்டினார்.
இன்றிரவு, என்றார், அவ்வளவுதான்.

அவரைத் திட்டியவர்கள்
திட்டிக்கொண்டே
மூட்டைகளை மாடிக்கு ஏற்றினார்கள்.

தண்ணீர் முழங்கால் வரை வந்தது.
ஒரு கிழங்கும் நனையவில்லை.

மறுநாள் மேயர், அதே பூட்ஸ்,
ஒலிபெருக்கியை இழுத்து வைத்துக்கொண்டு:
'நான் முன்பே எச்சரித்தேன்.'

நான்.
இத்தனை வருடத்தில் அவர் வாயில்
அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்த விரல்
நெஞ்சுக்கு வந்து சேர்ந்தது.

ஜூனில் தேர்தல்.
அவர் ஜெயித்தாலும் ஜெயிக்கலாம்.
எதிர்த்து நிற்பவரும்
நீட்டத்தான் பழகிக்கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமை மீன் வாங்கப் போனேன்.
ஸ்கைத்ரீதே கத்தியைக் கீழே வைத்து
செதில் ஒட்டிய கையால் கேட்டாள்:
யாசெப்ஸுக்குச் சொன்ன 'நான்',
மேயருக்குச் சொன்ன 'நான்',
இரண்டும் ஒரே சைகையா?

ஒன்றுதான் இருக்கிறது, என்றேன்.

இல்லை, என்றாள்.
நேற்று உன் விரல்
சட்டையைத் தொடவே இல்லை.