எனக்குத் தெரியாது

முதல் வாரம் ஓர் இடது காலுறை வந்தது.
தலைவலி மாத்திரை வாங்குகிற சாக்கில்
கவுண்டருக்கு அடியில் என் கையில் திணித்தாள்.
"வலது?" என்றேன்.
"அடுத்த வாரம்.
கொடியில் ஒன்று குறைந்தால் காற்றைத் திட்டுவார்கள்.
இரண்டு குறைந்தால் என்னைப் பார்ப்பார்கள்."

அட்-பாஷியில் நவம்பரிலேயே பனி.
குளுக்கோஸ் பாட்டில்கள் வந்த அட்டைப்பெட்டி ஒன்று
என் மருந்துக்கடையின் பின்னறையில்
கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டு வந்தது:
இருமல் மருந்துச் சீட்டுக்குள் மடித்த பள்ளிச் சான்றிதழ்,
சார்ஜரின் வயர்,
பத்து நாள் கழித்து அதன் தலை,
இருபது சோம், ஐம்பது சோம்,
ஒருமுறை உருளைக்கிழங்கு மண் ஒட்டிய இருநூறு.
நான் எண்ணி வைப்பேன்.
சைக்கால் மறுபடி எண்ணுவாள்.
நட்பு வேறு, கணக்கு வேறு என்பாள்.

அக்டோபரில் மாப்பிள்ளையின் தாய் வந்து
அவள் காதில் தோடு பூட்டிவிட்டுப் போனாள்.
அத்தோடு பேச்சு முடிந்தது.
ஒரு மாதம் அவள் வாய் திறக்கவில்லை.
பிறகு காலுறை.

தோட்டை எடுத்துப் போ, விற்கலாம் என்றேன்.
"எடுத்தால் நான் திருடி.
திருடியைத் தேடப் போலீஸ் வரும்.
தலையணையில் வைத்துவிட்டுப் போனால்
வெறும் ஓடுகாலி.
ஓடுகாலியை வீட்டார்தான் தேடுவார்கள்."
ஒரு கடிதமும் எழுதினாள்:
யாரும் என்னைக் கடத்தவில்லை, நானாகவே போகிறேன்.
தேதி இடாமல் கையெழுத்து.
தேதியை நான் போட வேண்டும்.

பாஸ்போர்ட் அம்மாவின் மரப்பெட்டியில்.
சாவி அம்மாவின் கழுத்தில்.
சனிக்கிழமை நீராவிக் குளியலுக்குப் போகையில் மட்டும்
இருபது நிமிடம் ஆணியில் தொங்கும்.
அதைக் கடைசிச் சனிக்கிழமைக்கு வைத்திருந்தாள்.
அதே துணிச்சுருளில் அதே கனத்துக்குச்
சின்ன வயதுத் தடுப்பூசிப் புத்தகத்தைச் செருகிவிட்டாள்.
அம்மா தொட்டுப் பார்ப்பாள், பிரிக்க மாட்டாள்.

நாய்தான் பெரிய கஷ்டம்.
மூன்று வாரம் தினமும் நாலு மணிக்கு எழுந்து
கழிப்பறைக்குப் போவதுபோல
முற்றம் தாண்டிக் கேட் வரை நடந்து திரும்பினாள்.
முதல் இரவு குரைத்தது. அண்ணன் தாலாய் டார்ச் அடித்தான்.
வயிறு சரியில்லை என்று என் கடை மாத்திரையைக் காட்டினாள்.
ஏழாம் இரவு வாலை ஆட்டியது.
பதினைந்தாம் இரவு கண்ணையே திறக்கவில்லை.
"அதுதான் கொஞ்சம் வலித்தது" என்றாள்.

அப்புறம் வானத்துக்காகக் காத்திருந்தோம்.
பனி அதிகம் பெய்தால் தொலோன் கணவாய் மூடிவிடும்.
குறைந்தால் காலடித் தடம் காட்டிக்கொடுக்கும்.
அவளுக்கு வேண்டியது நடுத்தரமான பனி.
வானத்திடம் படி போட்டு அளந்தா கேட்க முடியும்?

"எங்கே போகிறேன் என்று சொல்லட்டுமா?"
"வேண்டாம். எனக்குப் பொய் வராது."

ஒரு வியாழன், ஐந்து மணி மினிபஸ்.
நான் போய் வழியனுப்பவில்லை.
பெட்டி காலி, பின்கதவு சாத்தியிருந்தது,
சாவி கதவடியில்.
பழைய சிம்மை உடைத்துக்
காலாவதி மருந்துக் குப்பையில் போட்டிருந்தாள்.

ஒன்பது மணிக்குத் தாலாய் வந்தான்.
தொப்பியில் பனி, கையில் அந்தத் தோடு.
"எங்கே?"
"எனக்குத் தெரியாது."
என் வாழ்நாளில்
இவ்வளவு சுத்தமான உண்மையை நான் சொன்னதில்லை.
நம்பினான்.

அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை ஒரு அட்டை கேட்டான்.
சில்லறை எண்ணினான். கதவு வரை போனான்.
திரும்பாமலே கேட்டான்:
"கதகதப்பாக ஏதாவது எடுத்துப் போனாளா?"

மூன்று ஜோடி. கம்பளி.
ஒன்றில் குதிகால் தைத்தது நான்.
நுனிநாக்கு வரை வந்துவிட்டது.

"எனக்குத் தெரியாது" என்றேன்.