மீதிப் பதினேழு

பகாவ் தோட்டப் பள்ளித் திடலில்
நூறு மீட்டர் கிடையாது.
எண்பத்து மூன்றில் வேலி வந்துவிடும்.
வேலிக்கு அப்பால் கால்வாய்,
கால்வாய்க்கு அப்பால் செம்பனை.
மீதிப் பதினேழை
ஆலைக்குப் போகும் செம்மண் சாலையில்
தனியாக ஓடிப் பழகினேன்,
குலை ஏற்றிய லோரி வராத நேரமாய்ப் பார்த்து.

இடது கை எனக்கு
முழங்கை தாண்டி நாலு விரல்.
பிறக்கும்போதே அப்படி.
வெட்டுப்பட்டதா, மிஷினில் போனதா என்று
சந்தையில் மீன் நிறுப்பவர்கூடக் கேட்பார்.
வராத ஒன்று எப்படிப் போகும்?

குனிந்து நின்றால் தோள் சரிந்தது.
அண்ணன் குணாளன்
மைலோ டின்னில் சிமெண்ட் ஊற்றித் தந்தான்.
இரண்டு முறை உயரம் தப்பு.
மூன்றாம் முறை அடியில் பலகை வைத்துக் கட்டினான்.
பச்சை டின்மேல் என் குட்டைக் கை
பேருந்துக்குக் காத்திருப்பவள்போல உட்கார்ந்தது.

ஓடத் தொடங்கினால் வேறு தொல்லை.
வலது கை வீசி வீசி உடம்பைத் திருப்பும்.
திருப்பிப் பிடிக்க மறுபக்கம் கனமில்லை.
ஒருபக்கம் மட்டும் அரிசிப் பை தொங்கும் சைக்கிளை
நேராக ஓட்டுகிற வேலை அது,
முழுக்க இடுப்பின் வேலை.

சிரம்பானில், போட்டிக்கு முதல் நாள்,
ஒரு டாக்டர் டேப்பை எடுத்து
அந்தக் கையை மூன்று முறை அளந்தார்.
அவர் மலாயில் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார்.
டி நாற்பத்தேழு.
தீபாவளி ரவிக்கைக்குக்கூட
யாரும் அதை அளந்ததில்லை.
வலதை அளந்து, "ரெண்டும் ஒண்ணுதானே" என்று தைத்து,
மிச்சத்தை உள்ளே மடித்துவிடுவார்கள்.

மறுநாள் எண் தாள் கொடுத்தார்கள், நான்கு ஊக்குகளோடு.
ஊக்கு குத்த இரண்டு கை வேண்டும் என்பது
கொடுத்தவருக்குத் தோன்றவில்லை.
கோலப்பிலா ஹஸ்லிண்டா,
என்னைத் தோற்கடிக்கவே வந்தவள்,
வலது கை இல்லாதவள்.
நான் தாளைப் பிடித்தேன், அவள் குத்தினாள்.
பிறகு அவளுக்கு நான்.
ஒரு ஊக்கு என் தோலிலும் ஏறியது.
"சோரி லா" என்றாள். சிரித்தோம்.
வேண்டுமென்றே செய்தாளோ என்று
எட்டாம் தடத்தில் போய் நிற்கும்வரை யோசித்தேன்.

"செடியா" என்றார் துப்பாக்கிக்காரர்.
தயார் என்று அர்த்தம்.
ஆறு வயதில் முதன்முதலாக அதைக் கேட்டபோது
"இல்ல சார், ஆளு" என்று சொல்லி
நின்ற இடத்திலேயே நின்றேன்.
மற்றவர்கள் ஓடி முடித்துவிட்டார்கள்.
இன்றைக்கும் அந்தச் சொல்லுக்கு
இடுப்பை உயர்த்தும்போது
உள்ளே ஒருத்தி பதில் சொல்கிறாள்.

செடியா.

இல்ல.

வெடித்தது.
முதல் நாற்பதில் எதுவும் தெரியாது.
அறுபதில் பக்கத்துத் தட மூச்சு.
எண்பத்து மூன்றில்
வேலி வரவில்லை.
வரும் என்று கால் ஒரு கணம் தயங்கியது,
எத்தனை வருடப் பழக்கம்.
அந்த ஒரு கணத்தில் ஹஸ்லிண்டா போனாள்.
பிறகுதான் செம்மண்,
பிறகுதான் லோரிப் புகை,
பிறகுதான் நான்.

கோட்டைக் கை தாண்டினால் கணக்கில்லை.
தலை தாண்டினாலும் இல்லை.
நெஞ்சு தாண்டவேண்டும்.
கோணலாய்க் குத்திய தாளோடு
என் நெஞ்சு தாண்டியது,
அவளுக்கு அடுத்தபடியாக.
ஒரு வினாடியை நூறாக்கி
அதில் மூன்று.

பேருந்தில் மடிமேல் டின்.
"மைலோவா?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.
தூக்கிப் பாருங்கள் என்றேன்.
ஒரு கையால் அவரால் முடியவில்லை.

கோலப்பிலா தாண்டியதும்
குணாளனுக்குச் செய்தி அடித்தேன்:
பள்ளி வேலிக்குக் கம்பி வெட்டி,
கால்வாய்க்குப் பலகை.
யாரிடம் கேட்கவேண்டும் என்று பார்.
எத்தனை அகலம், என்றான்.

ஒரு ஆள்.