பெற்றுக்கொண்டேன்

நவம்பர் சம்பளத்தில்
நாலாயிரத்து அறுநூறு குறைந்திருந்தது.
மிஷின் பொய் சொல்லாதுக்கா என்றாள் பவுன்தாய்.
மிஷினுக்குச் சொல்லிக்கொடுத்தவங்க சொல்லலாம் என்றேன்.

மறுநாள் லினன் அறைக்கே வந்தது கடிதம்.
சீசனில் ஓவர்டைம் இரண்டு முறை ஏறிவிட்டதாம்.
மொத்தம் பதின்மூவாயிரத்து எண்ணூறு,
மூன்று தவணையில் பிடித்தம்.
முதல் தவணையைப் பிடித்த பிறகு
தகவல்.

மே மாதம் எனக்கு மறக்கவில்லை.
ஏரியைச் சுற்றிக் கார்கள் நகராமல் நிற்க
மூஞ்சிக்கல்லிலிருந்து
அவற்றை முந்திக்கொண்டு நடந்து வந்த மாதம்.
எண்பத்திரண்டு அறை.
அறைக்கு இரண்டு விரிப்பு, நாலு உறை,
குழந்தை வாந்தியெடுத்த கம்பளி,
புதுப்பெண் யாரோ விட்டுப்போன மருதாணிக் கறை
(எந்தச் சோப்புக்கும் அது போகாது).
டிரையர் பழுதான ஒன்பது நாளும்
இஸ்திரிப்பெட்டியால்தான் ஈரம் எடுத்தோம்,
ராத்திரி ஒன்று, ஒன்றரை வரை.

அந்தக் காசு வந்தபோது
அதிகமென்று எனக்குத் தோன்றவில்லை.
தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேனா?
தூக்கம் வராமல் அதையும் கேட்டுக்கொண்டேன்.
ஏறியும் இருக்கலாம்,
ஆயிரமோ இரண்டாயிரமோ.
இருந்தால் கொடுத்துவிடுவேன்.
எது, எந்த நாளுக்கு என்று
எடுக்கிறவர்தானே சொல்ல வேண்டும்?

காசு இப்போது தகரமாக இருக்கிறது.
நாயுடுபுரம் வீட்டின் மேற்குப் பக்கம், ஆறு தகடு.
ஐப்பசி மழை முழுக்க அதன்மேல்தான் விழுந்தது.

ஹெச்.ஆர். தம்பி பிரஜித் நல்ல பையன்.
ஹீட்டர் பக்கத்தில் உட்காரச் சொன்னான்.
சின்ன அட்ஜஸ்ட்மென்ட்தான்கா, ஒரு கையெழுத்து.
கணக்கு கேட்டேன்.
மொத்தமாத்தான் வருது, நாள்வாரியா வராது என்றான்.
என்னிடம் வரும் என்றேன்.

லினன் ரிஜிஸ்தர், நீல அட்டை.
ஒவ்வொரு கட்டும் வெளியே போகும்போது
எண்ணிக்கை, நேரம், என் கையெழுத்து.
மே பதினேழு, இரவு பன்னிரண்டு ஐம்பது,
விரிப்பு நாற்பத்தாறு.
நாங்கள் திருடிவிடக் கூடாதென்று
அவர்கள் வைத்த நோட்டு அது.
விரிப்போடு சேர்த்து
என் ராத்திரிகளையும் காவல் காத்திருக்கிறது.

அச்சடித்த தாளின் அடியில்
'பெற்றுக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன்'.
நடுவில் ஒரேயொரு காற்புள்ளி.
குளிரில் பேனா எழுதவில்லை.
உள்ளங்கைகளுக்குள் வைத்து உருட்டினேன்.
இரண்டாவது சொல்லை அடித்துவிட்டு
கீழே எழுதினேன்:
நாள்வாரிக் கணக்கு காட்டப்படவில்லை.
ஒப்புக்கொள்ளவில்லை.
அ. செலின்மேரி.

இப்படியெல்லாம் எழுதக் கூடாதுக்கா.
எங்கே அப்படிப் போட்டிருக்கு தம்பி?
அவன் ஹீட்டரைப் பார்த்தான்.
அவனுக்கும் சம்பளம் அங்கேதான்.

ஏழு ரோட்டில் ஜெராக்ஸ், பக்கம் மூன்று ரூபாய்.
மே மாதத்துக்கு முப்பத்தொரு பக்கம்.
நோட்டை அன்றைக்கே
அதன் ஆணியில் திரும்ப மாட்டிவிட்டேன்.

விடிகாலை பஸ் ஸ்டாண்டில்
மஃப்ளருக்குள்ளிருந்து பேசுகிறாள் பவுன்தாய்.
அவளுக்கும் வந்ததாம் அதே கடிதம்.
படிக்காமல் போட்டுவிட்டாளாம் கையெழுத்து.
இனிமே மாத்த முடியுமாக்கா?
தெரியலையே, லேபர் ஆபீஸ்ல கேப்போம் என்கிறேன்.
கண்டக்டர் வருகிறார்.
திண்டுக்கல் ரெண்டு.