மறுபயணம், பன்னிரண்டாம் பகுதி

கொருக்குப்பேட்டையில்
முன்பு மிளகாய் வற்றல் அடுக்கிய கிடங்கில்
எங்கள் விண்கலம் நின்றது.
ஒட்டுப்பலகை, தகரம், வெள்ளி வண்ணம்.
எத்தனை முறை கூட்டிக் கழுவினாலும்
நட்சத்திரங்களுக்கு நடுவே
யாராவது தும்மிக்கொண்டே இருந்தார்கள்.

வசனம் எழுதியவன் நான்.
முதல் ‘நெடுங்கலம்’ தொடரை வரிவரியாய் ஒப்பிப்பேன்
என்பதால்தான் அந்த வேலையே கிடைத்தது.
“எரிபொருள் அருகிவிட்டது, தளபதி.”
“அஞ்சற்க. விண்மீன்கள் நம்மை அறியும்.”
ஆறடி இரண்டங்குல வைத்தீஸ்வரன்
நாற்காலியில் சாய்ந்து இதைச் சொன்னால்
தெருவே மூச்சடக்கும்.

அதே நாற்காலியை வாடகைக்கு எடுத்துவந்தார்கள்.
புதுத் தளபதி பெர்னதெத்
ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு.
உட்கார்ந்தால் கால் தரையில் படாது.
கேமராவுக்குத் தெரியாமல் கீழே செங்கல் வைத்தோம்.
பதினோரு பகுதிகள்
அந்தச் செங்கல்லின் மேல்தான் நின்றன.

ஒன்றிலும் பிழையில்லை.
டீக்கடை யாக்கூப் பாய்தான் கிளாஸைக் கழுவியபடி சொன்னார்:
“நல்லாத்தான் கீது தம்பி.
இன்னா ஒண்ணு,
இத்த நான் முன்னயே பாத்துட்டேன்.”

துறைமுகத்துச் சரக்கு ரயில் போகும்போதெல்லாம்
இயக்குநர் ஜமீல் “கட்” என்பார்.
நாங்கள் பெட்டிகளை எண்ணுவோம்.
நாற்பத்தெட்டு.
சில நாள் நாற்பத்தைந்து.
விண்வெளி அமைதியானது என்று
முதல் தொடர் சொல்லியிருந்தது.

பன்னிரண்டாம் பகுதி, நள்ளிரவு தாண்டி ஒன்பதாவது டேக்.
எஞ்சின் அறை உதவியாளனாக தேசிங்கு,
காசிமேட்டில் அண்ணனின் விசைப்படகில்
நிஜமாகவே எஞ்சின் பார்த்தவன்.
“எரிபொருள் அருவிவிட்டது” என்றான் எட்டு முறையும்.
ஒன்பதாவதில் ரயில் வந்தது.
கூரையிலிருந்து ஒரு தகரம் பிய்ந்து
அவன் தோளுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

“அக்கா! டீசல் அவுட்டு!
இன்னும் அர அவருதான் தாங்கும்.
எங்கனா ஒரு கரையப் பாரு!”

பெர்னதெத் நாற்காலியிலிருந்து குதித்தாள்.
செங்கல் உருண்டது.
“கரை ஏதுடா இங்க?
லைட்டெல்லாம் அமத்து.
நீவாட்டுல வுடு.
அது இஸ்துனு போற எடத்துக்குப் போவட்டும்.”

நீவாடு.
கடலுக்கடியில் ஓடும் ஓட்டத்துக்கு
ராயபுரத்தில் அவள் அப்பா சொல்லும் சொல்.
நான் எழுதவில்லை.
ஜமீல் திறந்த வாயை மூடிக்கொண்டார்.
நாற்பத்தெட்டுப் பெட்டிகளும் கடந்துபோகும்வரை
கலம் தானாகக் குலுங்கியது,
முதல்முறையாக எங்கேயோ போவதுபோல.

அன்றிரவு கோணிமூட்டையில் உட்கார்ந்து
அடுத்த பகுதியின் முதல் வரிக்கே விடிந்துவிட்டது.
பிறந்தது வியாசர்பாடி.
பதினோரு பகுதிகளாக
வாயைக் கழுவிக் கழுவி எழுதியிருக்கிறேன்.

விண்வெளியில் இப்படியா பேசுவார்கள் என்று
திருச்சியிலிருந்து ஒருவர் நான்கு பக்கம் திட்டியிருந்தார்.
அவரும் போய்ப் பார்த்ததில்லை.
நியாயமான கடிதம்தான்,
பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இருபதாம் பகுதிக்கு விருந்தாளியாக
வைத்தீஸ்வரன் வந்தார். முழுக்க நரை.
தன் நாற்காலியைத் தேடினார்.
வாடகையைத் திருப்பித் தராமல் மூலையில் கிடந்த அதில்
வாட்ச்மேனின் பூனை மூன்று குட்டி போட்டிருந்தது.
குனிந்து பார்த்தார்.
எழுப்பவில்லை.
“எங்கே நிற்க வேண்டும்?” என்றார்.
அவள் தன் பக்கத்தில் இடம் காட்டினாள்.

அவருக்கு மட்டும் பழைய தமிழில் எழுதியிருந்தேன்.
அந்தக் குரலில் அது இன்னமும் அழகுதான்;
லைட் பையன்கள்கூடச் சிரிக்கவில்லை.

“நெடுந்தொலைவு வந்துவிட்டோம், தளபதி.
எரிபொருள் இருக்கிறதா?”

ரயில் வந்துகொண்டிருந்தது.
யாரும் கட் சொல்லவில்லை.

“கீது சார்,” என்றாள்.
“கெட்டியா புட்ச்சிக்கோ.”